புளூ ஜேய்ஸ் ஆட்டத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு: ரிக்கெற், செலவு, பயணம், கடவுச்சீட்டு

2025 நவம்பர் 1ஆம் திகதி இரவு ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடியில் அநேகமாக எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பேஸ்போலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் 4-3 என்று முன்னால் நிற்கிறது. இன்னும் இரண்டு பேரை அவுட்டாக்கினால் கிண்ணம் எங்களுக்கு. அந்த நேரம் பார்த்து லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. 4-4. பதினோராவது இன்னிங்ஸில் வில் ஸ்மித் இன்னொன்று அடித்தார். 5-4. முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. என் மகன் அழுதுகொண்டே படுக்கப் போனான்.

விடிந்ததும் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. "அடுத்த வருசம் நாங்களும் நேரில போய்ப் பார்க்கவேணும். ரிக்கெற் எப்படி எடுக்கிறது? எவ்வளவு முடியும்? அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?" சித்தி கேட்டார், வேலையிடத்தில் தம்பிமார் கேட்டார்கள், போன வருடம்தான் கனடாவுக்கு வந்த மச்சான் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. செல்லாத ரிக்கெற்றுக்கு 260 டொலர் கொடுத்தேன். பெரிய முதுகுப்பையால் வாசலில் மறிக்கப்பட்டேன். ஒரு முறை மாமியை அமெரிக்க எல்லை வரை கூட்டிப்போய்த் திரும்பினேன். நீங்கள் அந்த வழியே போக வேண்டியதில்லை.

அணியின் வரலாற்றை நீட்டப் போவதில்லை. பக்கத்து இருக்கைக்காரரோடு கதைக்க இவ்வளவு போதும்: முதல் ஆட்டம் 1977 ஏப்ரல் 7, பனி கொட்டிய நாளில். 1992, 1993 இரண்டு ஆண்டும் உலகத் தொடரை வென்றார்கள். அதன்பிறகு வென்றதில்லை. 2026 இவர்களுடைய 50ஆவது பருவம்.

1. எந்த ஆட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

செலவு குறைவதும் கூடுவதும் அநேகமாக இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது. பருவம் மார்ச் கடைசியில் தொடங்கி செப்ரெம்பர் கடைசியில் முடிகிறது. மொத்தம் 162 ஆட்டங்கள், அவற்றில் 81 ரொறன்ரோவில். ரிக்கெற் விலை நிலையானது அல்ல; விமானச் சீட்டைப் போல நாளுக்கு நாள் மாறும். ஒரே இருக்கை ஏப்ரல் செவ்வாய்க்கிழமை ஒரு விலை, ஜூலை சனிக்கிழமை அதன் இரண்டு, மூன்று மடங்கு.

விலை ஏறும் நாட்கள்: தொடக்க ஆட்டம், ஜூலை 1 கனடா தினம், நியூயோர்க் யாங்கீஸ் அல்லது பொஸ்ரன் ரெட் சொக்ஸ் வரும் நாட்கள், கோடையின் வெள்ளி, சனி. பொம்மைத் தலை உருவமோ மேற்சட்டையோ இலவசமாகக் கொடுக்கும் நாட்களும் அப்படித்தான். அந்தப் பரிசும் முதலில் வரும் குறிப்பிட்ட தொகையினருக்கே கிடைக்கும், பிந்திப் போனால் கிடைக்காது.

விலை இறங்கும் நாட்கள்: ஏப்ரல், மே மாதங்களில் திங்கள் முதல் வியாழன் வரை. ஏப்ரலில் குளிருமே என்று யோசிக்க வேண்டாம். அணியின் அரங்கமான ரொஜர்ஸ் சென்ரரின் கூரையைத் திறக்கவும் மூடவும் முடியும். குளிரிலும் மழையிலும் மூடிவிடுவார்கள். உள்ளே ஒரு மேற்சட்டையோடு இருக்கலாம். மழையால் ஆட்டம் தள்ளிப்போகுமோ என்ற கவலை இங்கே அநேகமாக இல்லை, வேலையில் லீவு எடுத்துப் போகிறவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

முதல் முறை போகும் குடும்பத்துக்கு நான் சொல்வது செவ்வாய்க்கிழமை. கடந்த பருவங்களில் செவ்வாய்களில் ஹொட் டோக் ஒரு டொலருக்கு விற்றார்கள். பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. இந்தப் பருவமும் எந்தெந்தத் திகதிகளில் என்று அணியின் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ஆட்டம் பெரும்பாலும் 7:07க்குத் தொடங்கும். ஏழுக்கு இல்லை, ஏழு ஏழுக்கு. முன்பு மூன்றரை மணி நேரம்கூட இழுபட்ட ஆட்டங்கள், 2023இல் பந்து வீசுவதற்கு நேரக் கட்டுப்பாடு வந்த பிறகு பெரும்பாலும் இரண்டே முக்கால் மணி நேரத்தில் முடிகின்றன. ஸ்காபரோ வீட்டுக்கு 11:30க்குள் வந்துவிடலாம். பாடசாலை போகும் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஞாயிறு பகல் ஆட்டம் நல்லது.

இந்த வருடம் மட்டும் ஒரு விடயம்: உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் ஆறு ஆட்டங்கள் ஜூன் 12 முதல் ஜூலை 2 வரை ரொறன்ரோவில் நடக்கின்றன. அந்த நாட்களில் யூனியன் நிலையம் நெரியும், விடுதி விலை ஏறும். வெளியூரிலிருந்து சொந்தக்காரரை வரவழைத்துக் கூட்டிப்போவதாக இருந்தால் அந்தக் கிழமைகளைத் தவிருங்கள்.

2. வாங்குவதற்கு முன் கணக்கும் அட்டையும்

ரிக்கெற் இப்போது காகிதத்தில் வருவதில்லை, கைப்பேசியில்தான். எம்.எல்.பி. போல்பார்க் (எம்.எல்.பி. என்பது இந்த பேஸ்போல் லீக்) என்ற செயலியைத் தரவிறக்கி, இலவசக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி. ரிக்கெற் வாங்கக் கொடுக்கும் மின்னஞ்சலும் செயலிக் கணக்கின் மின்னஞ்சலும் ஒன்றாக இருக்க வேண்டும். என் மச்சான் வேலையிட மின்னஞ்சலால் வாங்கி, சொந்த மின்னஞ்சலால் செயலியைத் திறந்தார். வாசலில் நிற்கும்போது செயலி வெறுமையாக இருந்தது. இருபது நிமிடம் வியர்த்தபிறகுதான் காரணம் பிடிபட்டது.

கடனட்டை இன்னும் கிடைக்காத புதியவர்கள் தங்கள் வங்கி அட்டையைத் திருப்பிப் பாருங்கள். விசா டெபிட் அல்லது மாஸ்டர்கார்ட் டெபிட் என்று இருந்தால் அந்த 16 இலக்க எண்ணால் இணையத்தில் வாங்கலாம். அந்த அட்டையை ஆட்டத்துக்கும் கொண்டுபோங்கள்: உள்ளே காசுத்தாள் வாங்க மாட்டார்கள், எல்லாக் கடையிலும் அட்டை மட்டுமே. கையில் காசு மட்டும் வைத்திருக்கும் அப்பா, அம்மாவைத் தனியே அனுப்பினால் தண்ணீர்கூட வாங்க முடியாமல் நிற்பார்கள்.

3. எந்த இருக்கை, எவ்வளவு

அரங்கில் 100, 200, 500 என்று மூன்று மட்டங்கள். 500தான் உச்சி, விலை குறைவு. உச்சி என்றாலும் பயப்பட வேண்டாம். 500 மட்டத்தில் 524ஆம் பகுதியையும் அதன் இரு பக்கத்தையும் தேடுங்கள். அது பந்து அடிக்கும் இடத்துக்கு நேர் பின்னால். முழு மைதானமும் படம் விரித்தது போலத் தெரியும். ஆட்டம் பழகுகிறவருக்கு, 100 மட்டத்தில் மூலையில் விலை கொடுத்து இருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு எச்சரிக்கை. 500 மட்டத்தின் படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் வந்தால், அந்த மட்டத்தில் கீழ் வரிசைகளை எடுங்கள். அல்லது கொஞ்சம் கூடக் கொடுத்து 100 மட்டத்தின் பின் வரிசை எடுங்கள்; நுழையும் நடைபாதையிலிருந்து நாலைந்து படி மட்டும் இறங்கினால் போதும். சக்கர நாற்காலி இடங்களும் உண்டு. அவற்றை வாங்கும்போதே தெரிவு செய்ய வேண்டும், வந்தபிறகு மாற்றுவது கடினம்.

பகல் ஆட்டம், கூரை திறந்திருக்கும் என்றால் மூன்றாம் பேஸ் பக்கம் (அடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடது பக்கம்) எடுங்கள். மாலைச் சூரியன் அந்தப் பக்கத்துக்கு முதுகுக்குப் பின்னால் போகும். முதலாம் பேஸ் பக்கம் முகத்தில் அடிக்கும்.

இளையவர்கள் நண்பர்களோடு போவதென்றால் இருக்கை எண் இல்லாத நுழைவுச் சீட்டும் உண்டு. வெளிமைதானப் பக்கத்தில் நின்றும் நடந்தும் பார்க்கலாம். குழந்தைகளோடு அதை எடுக்காதீர்கள். இரண்டே முக்கால் மணி நேரம் யாராலும் நிற்க முடியாது.

செலவு எப்படி வரும் என்பதற்கு எங்கள் கணக்கு. சென்ற ஆண்டு மே மாதத்துச் செவ்வாய் ஒன்று, நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், 500 மட்டம்: வரியோடு 118 டொலர். சப்வே, பெரியவர் இருவருக்குப் போகவர 13.20. ஹொட் டோக் ஆறு. ஏறத்தாழ 140 டொலருக்குள் முழு இரவும் முடிந்தது. உலகத் தொடர் வரை போன அணி என்பதால் இந்த ஆண்டு விலை கூடும் என்றே எதிர்பாருங்கள். ஒன்ராறியோவில் 13 வீத விற்பனை வரி இருக்கிறது. சேவைக் கட்டணங்களைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்துவைக்காமல் மொத்த விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டு மாகாணச் சட்டம். அப்படிக் காட்டாத தளத்தில் பணம் கட்டாதீர்கள்.

எப்போது வாங்குவது? யாங்கீஸ் ஆட்டமோ கனடா தினமோ வேண்டுமானால் விற்பனை தொடங்கும் நாளிலேயே. சாதாரண வாரநாள் என்றால் ஒன்றிரண்டு கிழமைக்கு முன் பார்த்தால் போதும். நான்கு இருக்கைகள் ஒன்றாக வேண்டுமென்றால் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். இரண்டிரண்டாகச் சிதறித்தான் மிஞ்சும்.

4. கைமாறி வரும் ரிக்கெற்

என் 260 டொலர் போன கதை இது. யாங்கீஸ் ஆட்டம், அணியின் தளத்தில் விலை கூடுதலாக இருந்தது. இணைய விளம்பரம் ஒன்றில் ஒருவர் நான்கு ரிக்கெற் மலிவாகத் தருவதாகச் சொன்னார். தமிழில்தான் கதைத்தார். மனம் இளகிவிட்டது. வங்கி மூலம் பணம் அனுப்பினேன். அவர் ரிக்கெற் தெரியும் கைப்பேசித் திரையைப் படம் பிடித்து, அந்தப் படத்தை அனுப்பினார். வாசலில் இயந்திரம் சிவப்பு விளக்குக் காட்டியது. பிள்ளைகள் நீல மேற்சட்டையோடு நிற்கிறார்கள். அந்த முகங்களை இப்போதும் மறக்க முடியவில்லை.

படமாகப் பிடித்து அனுப்பும் ரிக்கெற்றை எக்காலத்திலும் வாங்காதீர்கள். செயலியிலுள்ள கோட்டுக்குறி மாறிக்கொண்டே இருக்கும். உண்மையாக ரிக்கெற் வைத்திருப்பவர் செயலிக்குள்ளிருந்தே உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றித் தர முடியும். அதை நீங்கள் ஏற்றதும் அவர் கைப்பேசியிலிருந்து மறைந்து உங்களுடையதில் தெரியும். உறவினருக்கும் அப்படியே அனுப்பலாம். எல்லோரும் ஒன்றாக வாசலுக்கு வரவேண்டியதில்லை.

வங்கியின் மின்னஞ்சல் பணமாற்று திரும்பி வராது. மறுவிற்பனைத் தளத்தில் வாங்குவதானால் கடனட்டையால் வாங்குங்கள். ரிக்கெற் போலியாக இருந்தால் பணத்தைத் திருப்பித் தர உத்தரவாதம் தரும் தளமா என்று முதலில் வாசியுங்கள். அமெரிக்கத் தளம் என்றால் விலை அமெரிக்க டொலரிலா கனேடிய டொலரிலா என்பதையும் பாருங்கள். நாலு ரிக்கெற்றில் அந்த வித்தியாசம் கையைச் சுடும்.

5. போய்வரும் வழி

காரை வீட்டிலேயே விடுங்கள். அரங்கத்துக்குப் பக்கத்தில் ஆட்ட நாளில் வாகனம் விட என்னிடம் 45 டொலர் வாங்கினார்கள். ஆட்டம் முடிந்து அந்தத் தரிப்பிடத்திலிருந்து வெளியே வரவே முக்கால் மணி நேரம் எடுத்தது.

ஸ்காபரோவிலிருந்து வருகிறவர்கள் கெனடி நிலையம் வரை பஸ், அங்கிருந்து இரண்டாம் இலக்க சப்வே, புளோர்-யங்கில் மாறி முதலாம் இலக்கத்தில் யூனியன். பழைய ஸ்காபரோ ஆர்.ரி. ரயில் 2023 ஜூலையோடு நின்றுவிட்டது, அதை நம்பி யாரும் வழி சொன்னால் கேட்காதீர்கள். யூனியனிலிருந்து ஸ்கைவோக் என்ற மூடிய நடைபாதை நேரே அரங்கத்துக்குப் போகிறது. குளிரும் மழையும் படாது. பெரியவர்களோடு பதினைந்து நிமிடம்.

இன்னும் விரைவு வேண்டுமானால் கோ (GO) என்ற புறநகர் ரயில். கெனடி, அஜின்கோர்ட், மில்லிகன் நிலையங்களிலிருந்து யூனியனுக்கு நேரே போகலாம். 2024 பெப்ரவரி முதல் கோ ரயிலிலிருந்து ரி.ரி.சி.க்கோ (ரொறன்ரோ நகரின் பஸ், சப்வே) அங்கிருந்து இங்கோ மாறினால் ரி.ரி.சி. கட்டணம் தனியாக இல்லை. ஆனால் இரண்டிலும் அதே அட்டையைத்தான் தட்ட வேண்டும். கைப்பேசியிலுள்ள அட்டையும் கையிலுள்ள பிளாஸ்டிக் அட்டையும் ஒரே கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை இரண்டு அட்டைகள். கோ ரயிலில் இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள். மறந்தால் கூடிய தூரத்துக்கான கட்டணத்தை எடுத்துவிடும். 12 வயதும் அதற்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இரண்டிலும் இலவசம். ரி.ரி.சி.யில் பெரியவருக்கு அட்டை தட்டினால் 3.30, இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை முறையும் ஏறி இறங்கலாம்.

இரவில் கோ ரயில் அடிக்கடி இல்லை. புறப்படுமுன் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் சனி, ஞாயிறுகளில் சப்வேயின் ஏதாவது ஒரு பகுதியைத் திருத்த வேலைக்கு மூடுவது வழக்கம். காலையில் ஒரு தரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

6. வாசலும் சாப்பாடும்

ஒரு மணி நேரம் முன்பே வாசலில் நில்லுங்கள். 16 அங்குலம் நீளம், 16 உயரம், 8 அகலத்துக்கு மேற்பட்ட பையை விடமாட்டார்கள். என் முதுகுப்பை இதைவிடப் பெரியது. திருப்பி அனுப்பினார்கள். நான் அதைக் காருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வர இரண்டு இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. சின்னத் துணிப்பை போதும்.

வெளிச் சாப்பாடு கொண்டுபோகலாம், சுற்றிக் கட்டியதாக இருக்க வேண்டும். இது அநேகருக்குத் தெரியாது. நாங்கள் ஸ்காபரோவில் மீன் ரோல்ஸும் மரக்கறி ரோல்ஸும் வாங்கிப் போகிறோம். கண்ணாடிப் போத்தலும் தகர டின்னும் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் திறக்காததாக இருக்கட்டும். விதிகள் பருவத்துக்குப் பருவம் கொஞ்சம் மாறுவதால், போகும் கிழமை அணியின் தளத்தில் ஒருமுறை வாசித்துக்கொள்ளுங்கள்.

பியர் வாங்க 19 வயது ஆகியிருக்க வேண்டும். அடையாள அட்டை கேட்பார்கள். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத புதியவர் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டிவரும். அதைத் தொலைத்தால் வரும் அலைச்சலை நினைத்தால், குடிக்காமல் இருப்பதே மேல்.

7. ஆட்டம் விளங்க

கிரிக்கெற் தெரிந்தவருக்கு அரை மணி நேரத்தில் பிடிபடும். ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒருமுறை துடுப்பெடுக்கும், மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும். பந்து நல்ல இடத்தில் வந்து, அடிக்காமல் விட்டாலோ அடித்துத் தவறினாலோ ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட். நான்கு பந்து வெளியே போனால் அவர் சும்மா நடந்து, ஓடிச்சேரும் முதல் மூலையான முதலாம் பேஸுக்குப் போகலாம். நமக்குக் குழப்புவது இரண்டு. கிரிக்கெற்றில் பின்னால் தட்டிவிட்டு ஓடுவோம். இங்கே முன்னால் உள்ள கோடுகளுக்கு வெளியே போனால் அது பவுல், ஓட்டம் இல்லை. அடுத்தது, இங்கே சமநிலை கிடையாது, ஒருவர் வெல்லும்வரை இன்னிங்ஸ் நீளும். 2025 உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது.

2026இல் புதிதாக ஒன்று பார்ப்பீர்கள். ஒரு பந்தை நடுவர் ஸ்ட்ரைக் என்றோ வெளியே போனது என்றோ சொன்னது பிழை என்று நினைத்தால், அடிப்பவரோ வீசுபவரோ பிடிப்பவரோ தன் தலையைத் தட்டிக் காட்டுவார். கருவி பார்த்துச் சொல்லும். ஒரு அணிக்கு இரண்டு முறை. கேட்டது சரியாக இருந்தால் அந்த வாய்ப்பு குறையாது.

பந்து பார்வையாளர் பக்கம் வந்தால் அது பிடித்தவருக்கே சொந்தம், திருப்பி எறிய வேண்டாம். அதனால் வலை இல்லாத இடத்தில் இருக்கும்போது கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். வேகமாக வரும்.

8. போக முடியாத நாட்களில்

இன்னொரு பொறி இது. எம்.எல்.பி.யின் சொந்த ஒளிபரப்புச் சந்தாவை வாங்கினால் எல்லாம் பார்க்கலாம் என்று நினைத்துப் பலர் கட்டுகிறார்கள். கனடா முழுவதிலும் அதில் புளூ ஜேய்ஸ் ஆட்டங்கள் நேரலையில் மறைக்கப்பட்டிருக்கும். இங்கே ஒளிபரப்பு உரிமை ஸ்போர்ட்ஸ்நெற் தொலைக்காட்சிக்கு. கேபிள் இல்லாதவர்கள் அதன் இணையச் சந்தாவை மாதக் கணக்கில் எடுத்து, பருவம் முடிந்ததும் நிறுத்தலாம். சில வெள்ளிக்கிழமை ஆட்டங்கள் அப்பிள் ரி.வி.யில் மட்டும் வரும். செலவே வேண்டாம் என்றால் வானொலி 590. இரவு வேலைக்குப் போகும் வழியில் நான் கேட்பது அதைத்தான். இரண்டு மாதம் கேட்டால் ஆட்டத்தின் சொற்களும் ஆங்கிலமும் சேர்ந்தே பழகும்.

9. எல்லைக்கு அப்பால் பார்க்கப் போகிறீர்களா? இதை இரண்டு தரம் வாசியுங்கள்

ரொறன்ரோவில் ரிக்கெற் கிடைக்காதபோது டிட்ரோயிற்றில் மலிவு என்று யாராவது சொல்வார்கள். வின்ட்ஸர் எல்லையைத் தாண்டினால் அங்குள்ள அரங்கம் கொமெரிக்கா பார்க். கார் நாலு, நாலரை மணி நேரம். பபலோவில் புளூ ஜேய்ஸின் இளைய அணியான பைசன்ஸ் ஆடுகிறது. நாளைய வீரர்களை மிகக் குறைந்த விலையில் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இரண்டும் நல்ல பயணங்கள். ஆனால் பத்திரம் சரியாக இருக்க வேண்டும்.

நாங்கள் டிட்ரோயிற் போன அன்று மாமியிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் நிரந்தர வதிவிட அட்டையும் இருந்தன. கனடாவில் நிரந்தரமாக இருப்பவர்தானே, போதும் என்று நினைத்தோம். அமெரிக்க விசா இல்லாமல் விடமாட்டோம் என்று எல்லையில் சொல்லிவிட்டார்கள். அவரைத் தனியே விட முடியாமல் எல்லோரும் திரும்பினோம். ரிக்கெற் பணம் போனது ஒருபக்கம். தன்னால்தான் என்று மாமி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

கனடியக் குடியுரிமை உள்ளவர்: கடவுச்சீட்டு போதும், விசா வேண்டாம். பிள்ளைகளுக்கும் கடவுச்சீட்டு எடுத்துவையுங்கள். பெரியவருக்குப் பத்தாண்டுக் கடவுச்சீட்டு 160 டொலரை ஒட்டி வரும். கடவுச்சீட்டு அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் 10 வேலைநாள், தபாலில் அனுப்பினால் 20 வேலைநாள் என்று கணக்கு. நான் எப்போதும் இரண்டு மாதம் ஒதுக்குவேன்.

நிரந்தர வதிவிடம் பெற்று இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்: அமெரிக்க வருகை விசா கட்டாயம். விண்ணப்பக் கட்டணம் 185 அமெரிக்க டொலர், மறுத்தாலும் திரும்பாது. நேர்முகத்துக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டிவரும், ஆகவே ஓகஸ்ட் ஆட்டத்துக்கு ஜூனில் விண்ணப்பித்துப் பயனில்லை. தரை எல்லையில் ஐ-94 என்ற பதிவும் வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, இணையத்தில் முன்பே கட்டிவிட்டால் வரிசை குறையும்.

பிரித்தானிய, பிரெஞ்சு, ஜேர்மன் கடவுச்சீட்டோடு வந்து இங்கே வதிபவர்கள்: விசாவுக்குப் பதில் எஸ்ரா (ESTA) என்ற பயண அனுமதி. காரில் போனாலும் 2022 ஒக்ரோபரிலிருந்து அது வேண்டும்.

அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்கள்: தயவுசெய்து ஓர் ஆட்டத்துக்காக எல்லையைத் தொடாதீர்கள். கனடாவை விட்டு வெளியே போவது உங்கள் கோரிக்கையையே பாதிக்கலாம். சட்டத்தரணியைக் கேட்காமல் ஓரடி வைக்க வேண்டாம். பாதுகாக்கப்பட்டவர் என்ற நிலை கிடைத்து, அகதிப் பயண ஆவணம் வைத்திருந்தாலும் அமெரிக்க விசா தேவை.

திரும்பி வரும்போது நிரந்தர வதிவிட அட்டையின் திகதி முடிந்திருக்கக் கூடாது. பஸ்ஸிலோ விமானத்திலோ வருவதென்றால் செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் ஏற்றவே மாட்டார்கள். பிள்ளைகளை ஒரு பெற்றோர் மட்டும், அல்லது சித்தப்பா, மாமா கூட்டிப்போவதானால் மற்றப் பெற்றோரின் சம்மதக் கடிதம் கையெழுத்தோடு இருக்கட்டும். ரோல்ஸ், பழம், இறைச்சி எதையும் எல்லைக்குக் கொண்டுபோகாதீர்கள். மைதானத்தில் விடுவார்கள், எல்லையில் விடமாட்டார்கள்.

10. ஒக்ரோபருக்கு இப்போதே ஆயத்தம்

இந்த அணி மறுபடியும் அவ்வளவு தூரம் போகுமா? நான் போகும் என்று நம்புகிறேன். 2024இல் தங்கள் பிரிவில் கடைசி. அடுத்த ஆண்டு 94 வெற்றி. யாங்கீஸுக்கும் அதே 94, நேருக்கு நேர் ஆட்டங்களில் முந்தியதால் பிரிவு ரொறன்ரோவுக்கு. நட்சத்திர வீரர் விளாடிமிர் கெரெரோ ஜூனியரின் 14 ஆண்டு, 50 கோடி அமெரிக்க டொலர் ஒப்பந்தம் இந்தப் பருவத்தில்தான் தொடங்குகிறது. பந்து வீச்சுக்கு டிலன் சீஸை ஏழு ஆண்டுக்கு 21 கோடி கொடுத்து எடுத்திருக்கிறார்கள். ஜப்பானிலிருந்து கசுமா ஒகமோட்டோ வருகிறார். போ பிஷெற் நியூயோர்க் மெற்ஸுக்குப் போய்விட்டார், அது எனக்கு உண்மையான வருத்தம். அவர் விட்டுப்போன இடம் லேசில் நிரம்பாது. ஆனால் ட்ரே யெசாவேஜ் இருக்கிறார். சென்ற ஆண்டைக் கீழ்மட்ட இளைய அணி ஒன்றில் தொடங்கி, உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் 12 பேரை ஸ்ட்ரைக்கில் வீழ்த்திய 22 வயதுப் பையன். அவர் பந்து வீசும் நாளாகப் பார்த்து ரிக்கெற் எடுக்க விரும்பினால், இரண்டு மூன்று நாளுக்கு முன் அறிவிப்பு வரும்வரை பொறுத்திருங்கள்.

ஒக்ரோபர் ஆட்டங்களின் ரிக்கெற் செப்ரெம்பரில் விற்பனைக்கு வரும், முதலில் பருவ ரிக்கெற் வைத்திருப்பவர்களுக்கு, அப்புறம் முன்பதிவு செய்தவர்களுக்கு, கடைசியில் எல்லோருக்கும். சென்ற ஆண்டு உலகத் தொடருக்கு மறுவிற்பனையில் ஓர் இருக்கை ஆயிரம் டொலரைத் தாண்டியது. அந்த விலையில் எங்களைப் போன்ற குடும்பங்கள் போக முடியாது. முன்பதிவுதான் ஒரே வழி. அணியின் மின்னஞ்சல் பட்டியலில் சேருவது இலவசம். முன்பதிவு அறிவிப்பு அதில் வரும். வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனி மின்னஞ்சலில் இப்போதே சேர்ந்துகொள்ளுங்கள். விற்பனை நாளன்று அட்டை எண்ணைக் கணக்கில் முன்பே பதிந்து வைத்து, விற்பனை தொடங்க அரை மணி நேரம் முன்னரே உள்ளே போய் வரிசையில் காத்திருங்கள். பக்கத்தைப் புதுப்பிக்க மட்டும் வேண்டாம், இடம் போய்விடும்.